விறகடுப்பு எரியாத தெரு

"அம்மே, எந்தாயிருந்நு ஜோலி?" என்று டாக்டர் கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று அர்த்தம்.

சண்முகத்தாய் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாள். அரை நொடி இருக்கும். நான் வாசலில், தலை இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். என் பின்னால் போட்டோ எடுக்கிறவர் நின்றார்.

ஆக்சிஜன் மெஷினை அப்போதுதான் இணைத்திருந்தார்கள். அதில் தொங்கிய சின்னத் தண்ணீர் பாட்டிலில் குமிழ் வந்துகொண்டிருந்தது. காற்றுக் குழாய் சண்முகத்தாயின் காதுகளைச் சுற்றி மூக்குக்குப் போனது. டாக்டர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கால் மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சின்னப் பெண். கோட்டயம் பக்கம்.

"சமையல்தான் டாக்டரே. வேற என்ன?" என்றாள் சண்முகத்தாய். "வெறகடுப்பு. ஊதி ஊதி நெஞ்சு போச்சு."

"எத்தனை வருஷம்?"

"வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு சண்முகத்தாயின் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் அறக்கட்டளையின் நாள்காட்டியில் இன்னும் தொங்குகிறது. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பிழைத்த வாசகர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சண்முகத்தாய் இருக்கும் லைன் வீடுகளின் பின்சுவர்தான் பண்டகசாலைகளின் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கும், கயிறும், மிளகும், பஞ்சுமாகக் கூரை வரை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். அதனால் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும்போது சொல்கிற முதல் நிபந்தனை, விறகு எரிக்கக் கூடாது என்பதுதான். எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ். பிறகு கேஸ். அந்தத் தெருவில் விறகடுப்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை.

அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

துடைப்பத்தில் தொடங்கியது

நான் என் கதையை எழுதும் இந்தத் தொடர் வெளிவர ஆரம்பித்ததிலிருந்து நிறையக் கடிதம் வருகிறது. 'உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அட போங்கய்யா! யாருடைய உழைப்பு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சிக்கு மூட்டை தூக்க வந்தவன் நான் என்று முன்பே எழுதியிருக்கிறேன். லாரி ஏற்றி முடித்ததும் தரையில் சுக்கு உடைசல் கிடக்கும். மற்றவர்கள் சாயா குடிக்கப் போவார்கள். நான் துடைப்பத்தை எடுப்பேன். கூட்டி, சலித்து, கல் பொறுக்கி, சாயாக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்பேன். பிறகு உடைசலை விட்டு முழுச் சுக்குக்கு வந்தேன். பிறகு ஒரு பண்டகசாலையின் பாதியை வாடகைக்குப் பிடித்தேன். பிறகு முழுவதையும்.

'சுக்கு மொதலாளி' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. யாராவது வெறுமனே 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இதையெல்லாம் விரித்து எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இந்த வாரம் அதற்கில்லை.

புகை அறை

இஞ்சி காய்ந்தால் சுக்கு. அது இயல்பில் மண் நிறமாக, சுருங்கிப்போய், பார்க்க லட்சணம் இல்லாமல் இருக்கும். அன்றைக்கு வாங்குகிறவனுக்கு வெளுத்த சுக்குதான் வேண்டும். அதை வெளுக்க வைக்க முதலில் சுண்ணாம்புத் தண்ணீர், அப்புறம் கந்தகப் புகை.

பண்டகசாலையின் கடைசியில், மற்றச் சரக்கை விட்டுத் தள்ளி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே மூங்கில் தட்டுகளில் சுக்கைப் பரப்புவோம். இரும்புச் சட்டியில் கங்கு போட்டு, அதன் மேல் மஞ்சள் கந்தகத்தை அள்ளிப் போடுவோம். கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துக் களிமண் பூசிவிடுவோம். மறுநாள் காலையில் திறந்து, புகை முழுக்க வெளியேற ஒரு மணி நேரமாவது விடவேண்டும். அதன் பிறகுதான் ஆள் உள்ளே போகவேண்டும்.

நான் அப்படி விட்டதே இல்லை. கொச்சி வெயிலை யார் நம்புவது? எட்டு மணிக்கு அடிக்கும், பத்து மணிக்கு மழை கொட்டும். "போங்க போங்க, வெயில் போயிரும்" என்று கத்துவேன். கூலிக்கு வந்த பெண்கள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். தட்டும் கையுமாக வெளியே வரும்போது கண் மிளகாய்ப்பழமாக இருக்கும். முற்றத்தில் குனிந்து நின்று இருமுவார்கள். மறுபடி உள்ளே.

ஒருநாள் அவர்களில் ஒருத்தியான சண்முகத்தாய்தான் கேட்டாள். "மொதலாளி, நெஞ்சைப் பிடிக்கே, இது ஒண்ணும் செய்யாதே?"

"சொறி சிரங்குக்கு என்ன பூசுற?" என்றேன்.

"கெந்தகம்."

"வெளிய பூசினா சிரங்கு போகுது. உள்ள போனா சளி போகும். போ, காசில்லாத வைத்தியம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் பேச்சு நின்றுவிட்டது. நம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. சளி பிடித்த பெண்கள், கதவை முதலில் திறக்க முந்த ஆரம்பித்தார்கள். "ஏட்டி, நேத்து நீ தொறந்தல்லா, இன்னைக்கு எனக்குத் தலை கனமா இருக்கு, நான் தொறக்கேன்" என்று சண்டை பிடிப்பார்கள். கதவு திறந்ததும் அடிக்கிற முதல் புகைதான் வீரியம் என்று வேறு பேச்சு. முந்தானையை இறக்கிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பார்கள்.

நான் திண்டில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பாதி உண்மைகூட. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. எனக்குச் சளி பிடிக்காத மாதமே கிடையாது. அப்படியிருக்க, நான் ஒருநாள்கூட ஏன் அந்தக் கதவின் முன்னால் போய் நிற்கவில்லை? படகேறி எர்ணாகுளத்துக்கு டாக்டரிடம் ஏன் போனேன்?

அந்த வியாபாரம் நின்று வெகுகாலம் ஆகிறது. கந்தகச் சுக்கை வாங்கமாட்டோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியதும் அறையைப் பூட்டினேன். பெண்களுக்காகப் பூட்டவில்லை. இப்போது அந்தப் பண்டகசாலையில் காப்பிக் கடை நடக்கிறது. புகை அறையில் மஞ்சள் விளக்கு போட்டு, மேஜை நாற்காலி போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கோமதியின் மூச்சு

என் மனைவி கோமதி பெருந்தொற்றுக் காலத்தில் போனாள். கடைசி மூன்று நாள் அவள் மூச்சுக்குப் பட்ட பாட்டை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூடினாள். வேண்டாம், அதை எழுத என்னால் ஆகாது.

அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் மெஷின்கள் வாங்கினேன். மூச்சு முட்டுகிற ஏழைகளின் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிடுவது, கரண்ட் செலவையும் ஏற்றுக்கொள்வது, வாரம் இரண்டு நாள் டாக்டரை அனுப்புவது. அறக்கட்டளை என்று பெயர் வைத்தோம். பத்திரிகையில் போட்டார்கள். சால்வை வந்தது. 'மூச்சுக் கொடுக்கும் முதலாளி' என்று எழுதினார்கள்.

கோமதிக்காகத்தான் செய்தேன், சத்தியம். சண்முகத்தாயோ மற்றப் பெண்களோ என் நினைவில் வரவேயில்லை. அவர்கள் தெருவிலிருந்து விண்ணப்பம் வந்தபோதுகூட, 'நம்ம ஜனம்' என்று சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

நாள்காட்டி அச்சாகி வந்த சமயம். டாக்டர் என் அலுவலகத்துக்கு ஸ்கேன் படங்களோடு வந்தார். மலையாளத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், ஒரே தெருவில் ஏழு பெண்கள். ஏழு பேருக்கும் சின்ன மூச்சுக்குழாயெல்லாம் ஒரே மாதிரி தழும்பு விழுந்து சுருங்கியிருக்கிறது. எல்லாரும் விறகடுப்பு என்கிறார்கள். ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை."

"ஏன்?"

"இது ஏதோ ரசாயனப் புகை மாதிரி இருக்கிறது. அப்படியானால் இவர்களோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். மூச்சு முட்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் மருந்து கொடுத்து, மேலே போகாமல் நிறுத்தப் பார்க்கலாம். முட்டிய பிறகு மெஷினைத் தவிர வழியில்லை. நீங்கள் இந்த ஊரிலேயே இருந்தவர். இவர்கள் வேறு ஏதாவது வேலை செய்தார்களா?"

என் மேஜையில் அந்த வார விழாவின் அழைப்பிதழ் இருந்தது. எர்ணாகுளத்தில் எனக்குப் பாராட்டு விழா.

"விறகடுப்புதான் டாக்டர்" என்றேன். "பாவம், அந்தக் காலத்துல வேற என்ன இருந்தது அவங்களுக்கு?"

பாவம் என்று வேறு சொன்னேன் பாருங்கள். நாக்கு அழுகிப்போகாதா!

நன்றி சொல்லப் போனேன்

மறுநாள் ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். என் உப்பைத் தின்றவள், உயிர் போகிற நிலையிலும் என் பெயரைக் காப்பாற்றினாள் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

அவள் மகள் செல்வி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். எர்ணாகுளத்தில் ஒரு ஃபிளாட்டில் துப்புரவு வேலை. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் என் புகை அறையில் தட்டு சுமந்தவள். என்னைக் கண்டதும் எழுந்தாள். எழுந்த வேகத்தில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட நீ சொன்னது பெரிய காரியம் சண்முகம். என் பேரைக் காப்பாத்திட்ட."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"ஒங்க பேரா? ஒங்க பேரு எனக்கு எதுக்கு மொதலாளி? நான் உள்ளதச் சொல்லி... நீங்க கோவத்துல மிஷினைத் தூக்கிட்டுப் போயிட்டா... நான் எங்க போவேன்?"

பையைக் கீழே வைத்தேன்.

"மத்தவளுக கிட்டயும் நாந்தான் சொல்லி வச்சேன். கேட்டா வெறகுன்னு சொல்லுங்கட்டின்னு. எல்லாவளுக்கும் பயம்."

வெளியே செல்வி மறுபடி இருமினாள். சண்முகத்தாய் தலையைத் திருப்பி அந்தச் சத்தம் அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் தொடங்கிருச்சு. படி ஏறினா நடுவுல நிக்கா. பொடி, தூசின்னு பறைஞ்சுட்டுத் திரியா. எனக்குத் தெரியாதா? எனக்கும் இப்படித்தானே தொடங்குச்சு." என் வேட்டி நுனியைப் பிடித்தாள். "எனக்கு மிஷினும் இருக்கணும். அவளையும் அந்த டாக்டர்ட்ட காட்டணும். ரெண்டும் நடக்குமா மொதலாளி?"

"நடக்கும். நானே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். மிஷினை யாரும் தொட மாட்டாங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

நான் எதைச் சொன்னாலும் அவள் சொல்கிற பதில் அதுதான். அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

விழா முடியட்டும்

உடனே போனேனா? இல்லை. விழா முடியட்டும் என்று நான்கு நாள் பொறுத்தேன். சால்வையும் மாலையும் வாங்கிக்கொண்டேன். மேடையில் பேசிய ஒருவர் என்னைக் கர்ணன் என்றார், தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த நாள்தான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அறை, கந்தகம், வெயில், சளிக்கு நல்லது என்று நான் சொன்னது, எல்லாவற்றையும். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, நாளைக்கே ஆட்களை அனுப்புகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

நானே முதலில் சண்முகத்தாயிடம் போய், "சொல்லிட்டேன், பயப்படாத" என்று சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த நிம்மதியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

அட்டைப்பெட்டி

மறுநாள் காலையில் சுகாதார ஊழியர்களான இரண்டு பெண்கள் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனார்கள். செல்வி வேலைக்குப் போயிருந்தாள். சண்முகத்தாயிடம், "பயப்பட வேண்டாம் அம்மே, மொதலாளியே எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்று ஆறுதலாகத்தான் சொன்னார்களாம். அவள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறாள். எத்தனை வருஷம், யார் யார் கூட இருந்தார்கள், செல்வியின் வேலை நேரம், எல்லாம். செல்வியைக் கட்டாயம் கூட்டிப்போகும்படி இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் போனதும் மெஷினை நிறுத்திவிட்டாள்.

மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். ஈரத்துணியால் மெஷினைத் துடைத்திருக்கிறாள். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டி, குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறாள். பெட்டிக்குள் தூக்கி வைக்க அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று அந்தப் பெண் பிறகு என்னிடம் அழுதாள். "என்னத்துக்கு அக்கான்னு கேட்டேன். உள்ளது வெளிய வந்தாச்சு, இனி எடுக்க வண்டி வரும், வந்து பிடுங்குறதுக்கு முன்னால நாமளே கட்டி வச்சா மரியாதைன்னாங்க. ஒரு கை பிடின்னாங்க. பிடிச்சேன்."

மத்தியானம் செல்வி திரும்பி வந்தபோது பெட்டி சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி வாசல் பக்கம் இருந்தது. சண்முகத்தாய் அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

மெஷினை யாரும் தொட மாட்டார்கள் என்று நான் சொன்னேனே! சொன்னேன். என் வாயிலிருந்து வந்த சொல்தானே அது. அதற்கு அந்தத் தெருவில் என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

ஆறு தாள்கள்

செல்வியை டாக்டர் பரிசோதித்தார். நோய் இருந்தது. பாதி தூரம் வந்துவிட்டது, மீதியை நிறுத்தப் பார்க்கலாம் என்றார். ஆனால் மற்றவர்கள் யாரும் பரிசோதனைக்கு வரவில்லை. மெஷின் இருந்த ஆறு வீட்டுப் பெண்களும், "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வெறகடுப்புதான்" என்று கதவைச் சாத்தினார்கள். சண்முகத்தாய் போனது மெஷின் இல்லாததால்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பயம் இரட்டித்திருந்தது. சண்முகத்தாய் சொல்லிப்போனது பெயர்களை மட்டும்தான். அந்த ஆறு பேர் வாயைத் திறந்தால்தான், கூட வேலை பார்த்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்வி என் அலுவலகத்துக்கு வந்தாள். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று ஏறினாள், எனக்குக் கேட்டது. நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள்.

"என்ன எழுதணும்மா?"

"மெஷின் அவங்களோடதுன்னு. அவங்க யார்கிட்ட எது பறைஞ்சாலும் மெஷினைத் திரும்ப எடுக்க மாட்டீங்கன்னு. பேரு போட்டு, ஆளுக்கு ஒண்ணு. வாய்ப்பேச்சு மதி, போதும். இனி வேண்டாம்."

அறக்கட்டளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதியதும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"தமிழா? இதை அங்க யாரு வாசிப்பாங்க? பெண்ணுங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளைங்க மலையாளம்தான் வாசிக்கும்."

இத்தனை வருஷம் இந்த ஊரில் தின்று கொழுத்திருக்கிறேன், எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது. பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவளே எழுதினாள். நடு நடுவே இருமல் வரும்போது தாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுதியதை ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

ஆறும் முடிந்தது. அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்து அதே வரிகளை எழுதினாள். மேலே போட்டிருந்த பெயரை வாசித்தாள். செல்வி என்று வாசித்தாள்.

"உனக்குத்தான் மெஷின் இல்லையேம்மா" என்றேன்.

"இப்ப இல்ல" என்றாள்.

தாளை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன்.